நிற்றல் என்னும் வேலை: உடலின் சமநிலையை எப்படி அளக்கிறார்கள்?

1860களில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் ஃபோன் ஃபீரோர்ட், நிற்கும் மனிதரின் தலையில் ஒரு கவசத்தை அணிவித்து, அதன் உச்சியில் ஓர் இறகைப் பொருத்தி, அதன் நுனி தொடும்படி புகைக்கரி பூசிய தாளை மேலே அமைத்தார். அசையாமல் நிற்கும்படி சொல்லப்பட்டவர், தம்மைப் பொறுத்தவரை, அசையாமல்தான் நின்றார். ஆனால் தாளில் விழுந்தது ஒற்றைப் புள்ளியன்று. சிக்கு விழுந்த நூலைப் போன்ற கிறுக்கல். இன்றைய ஆய்வுக்கூடங்களில் இறகும் கரியும் போய் மின்னணு உணரிகள் வந்துவிட்டன என்றாலும், கணினித் திரையில் தெரிவது பெரும்பாலும் அதே கிறுக்கல்தான். அதை எப்படிப் பெறுகிறார்கள், அதிலிருந்து எதைப் படித்தறியலாம், எதைப் படித்துவிடக் கூடாது என்பதை இக்கட்டுரை தொடக்க நிலை வாசகருக்கு விளக்க முற்படுகிறது.

முதலில் அந்தக் கிறுக்கல் ஏன் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். உடலின் நிறை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியை நிறை மையம் என்கிறோம். நேராக நிற்பவருக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தரையிலிருந்து உடல் உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டு மட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் இருக்கும் பாரத்தைத் தாங்குவதோ, இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த ஒரு சிறு பரப்பு மட்டுமே. அதற்குத் தாங்கு தளம் என்று பெயர். நிறை மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது தாங்கு தளத்துக்குள் விழும் வரையில்தான் நாம் கால்களை நகர்த்தாமல் நின்றுகொண்டிருக்க முடியும். அது விளிம்பைத் தாண்டும்போது ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் விழ வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தூக்குக்குண்டு கணுக்கால் மூட்டின் நேர் மேலே விழுவதில்லை. சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. ஆகவே உடல் எந்நேரமும் முன்பக்கம் சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசைகள் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. நிற்பதை வெறும் ஓய்வு என்று எண்ணுபவர்கள், நிற்கும்போது தங்கள் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

பொறியாளர்கள் இந்த ஏற்பாட்டைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். உள்ளங்கையில் ஒரு நீண்ட குச்சியைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈர்ப்பு விசை அந்தச் சாய்வை மேலும் கூட்டுமேயன்றிக் குறைக்காது. கைதான் இடைவிடாமல் நகர்ந்து திருத்த வேண்டும். உடலில் இத்திருத்தம் உடனுக்குடன் நடப்பதும் இல்லை. கணுக்காலின் தசை திடீரென நீட்டப்பட்டால் முதல் அனிச்சைச் செயல் சுமார் 40 மில்லி விநாடியில் வந்துவிடும். ஆனால் அது வலுவற்றது. உடலைக் காப்பாற்றக்கூடிய, பல தசைகள் ஒருங்கிணைந்த எதிர்வினை தொடங்குவதற்கு ஏறத்தாழ 100 மில்லி விநாடி ஆகும். நாமாக எண்ணிச் செய்யும் அசைவு அதற்கும் பின்னரே வரும். செய்தி போய்த் தசை இறுகும் நேரத்துக்குள் உடல் வேறோர் இடத்துக்கு நகர்ந்திருக்கும் என்பதால், மிகச் சிறந்த நரம்பு மண்டலத்தாலும் ஊசலாட்டத்தை ஒழிக்க முடியாது. ஒரு வரம்புக்குள் வைத்திருக்க மட்டுமே முடியும். சமநிலை என்று நாம் சொல்வது இந்த வரம்பைக் காத்துக்கொள்வதைத்தான். அதைக் காப்பதற்கு மூளையும் தண்டுவடமும் புலன்களும் தசைகளும் சேர்ந்து செய்யும் வேலைக்கு உடல்நிலைக் கட்டுப்பாடு என்று பெயர். அளக்கப்போகிறவர் இவ்விரண்டையும் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் முன்னது விளைவு, பின்னது அவ்விளைவைத் தரும் உழைப்பு. விளைவு ஒன்றாகவே இருக்கும் இருவரிடம் உழைப்பு வெவ்வேறாக இருக்கலாம்.

மூன்று சாட்சிகள்

உடல் எங்கே இருக்கிறது, எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் வழிகள் மூன்று. கண், சுற்றுப்புறம் தன் முன்னால் எப்படி நகர்கிறது என்பதைக் கொண்டு சாய்வை உணர்கிறது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், அவற்றை அடுத்துள்ள இரு பைகள் ஈர்ப்பின் திசையையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் தெரிவிக்கின்றன. பாதத்தின் தோல், தசைகள், மூட்டுகள் ஆகியவற்றில் உள்ள உணர்விகள் தரையோடு உடலுக்கு உள்ள உறவைச் சொல்கின்றன. இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணிப்பின்படி, நல்ல வெளிச்சத்தில் உறுதியான தரையில் நிற்கும் நலமான ஒருவர் பாத, மூட்டு உணர்வை 70 விழுக்காடும், உட்செவியை 20 விழுக்காடும், பார்வையை 10 விழுக்காடும் சார்ந்திருக்கிறார். மெத்தையிலோ மணலிலோ நிற்கும்போது பாதம் தரும் செய்தி நம்பத்தக்கதாக இராது. அப்போது மூளை மற்ற இரண்டின் மதிப்பை உயர்த்திக்கொள்கிறது. சாட்சிகள் முரண்படும்போது எவர் பேச்சை எவ்வளவு ஏற்பது என்று முடிவு செய்யும் நீதிபதியின் வேலை இது.

நீதிபதி ஏமாறுவதும் உண்டு. 1974இல் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் வெளியிட்ட சோதனையில், தரை அசையாமல் இருக்க, சுவர்களும் கூரையும் மட்டும் நகரும்படி அமைந்த ஒரு சிறு அறைக்குள் அண்மையில் நிற்கப் பழகிய குழந்தைகள் நிறுத்தப்பட்டார்கள். சுவர் நகர்ந்த மாத்திரத்தில் குழந்தைகள் பலர் அது நகர்ந்த திசையிலேயே தள்ளாடினார்கள், சிலர் விழுந்தும் போனார்கள். அவர்களின் பாதங்களுக்கும் உட்செவிக்கும் தரை அசையவில்லை என்பது தெரியும். இருந்தும் கண்ணின் சாட்சியமே வென்றது. இதற்கு நேர்மாறாக, மிகச் சிறிய செய்திகூடப் பேருதவியாவதும் உண்டு. கண்ணை மூடி நிற்பவர் ஒரு விரல் நுனியால் ஒரு நிலையான பொருளை 1 நியூட்டனுக்கும் குறைவான விசையில் தொட்டுக்கொண்டிருந்தாலே ஊசலாட்டம் வெகுவாகக் குறைகிறது என்று ஜெகா, லாக்னர் ஆகியோர் 1994இல் காட்டினார்கள். அவ்வளவு மெல்லிய தொடுகை உடலைத் தாங்கிப் பிடிக்கப் போதாது. அது தரும் தகவல்தான் தாங்குகிறது.

மருத்துவத்தில் சமநிலைச் சோதனை என்று முதலில் நிலைபெற்றதும் இந்தச் சாட்சிகளில் ஒன்றை நீக்கிப் பார்க்கும் சோதனைதான். பெர்லினைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ஹைன்ரிக் ரோம்பெர்க் 1840களில், சிபிலிஸ் நோயால் தண்டுவடத்தின் பின்பகுதி சிதைந்தவர்கள் கண்ணைத் திறந்திருக்கும்போது நிற்பதையும், மூடியதும் தள்ளாடுவதையும் விவரித்தார். இப்படிப்பட்டவர்கள் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது விழுவது அக்கால மருத்துவர்கள் நன்கறிந்த அடையாளம். பாதங்களிலிருந்து செய்தி வராத நிலையில் கண்ணை மட்டுமே நம்பி நின்றவர்கள் அவர்கள். ரோம்பெர்க் சோதனை சிறுமூளையின் நலத்தைக் காட்டுவதாக இன்றும் சிலர் எழுதுவதைக் காணலாம். அது சரியன்று. சிறுமூளை பழுதுபட்டவர் கண்ணைத் திறந்திருக்கும்போதே தள்ளாடுவார். இச்சோதனையில் கவனிக்க வேண்டியது தள்ளாட்டத்தை அன்று, கண்ணை மூடியதும் அது எவ்வளவு கூடுகிறது என்பதையே.

விசைத்தட்டும் அழுத்த மையமும்

கண்ணால் பார்த்துச் சொல்வதை எண்ணாக மாற்றும் முதன்மைக் கருவி விசைத்தட்டு. பார்வைக்கு எடை பார்க்கும் கருவியைப் போலத் தோன்றும் இந்தக் கனமான தட்டின் நான்கு மூலைகளிலும் விசை உணரிகள் உள்ளன. எடைக் கருவி மொத்தப் பாரத்தை மட்டும் சொல்லும். விசைத்தட்டு அந்தப் பாரம் எந்த இடத்தின் வழியே தரையில் இறங்குகிறது என்பதையும் சொல்லும். கணக்கு எளிது. முன்பக்க உணரிகளுக்கும் பின்பக்க உணரிகளுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் தொலைவு என்றும், 700 நியூட்டன் எடையுள்ள ஒருவர் நிற்கும்போது முன்பக்கத்தில் 300 நியூட்டனும் பின்பக்கத்தில் 400 நியூட்டனும் பதிவாகின்றன என்றும் கொள்வோம். முன்பக்கப் பங்கான 300ஐ மொத்தமான 700ஆல் வகுத்து 40ஆல் பெருக்கினால், பின்பக்க உணரிகளிலிருந்து 17.1 சென்டிமீட்டர் முன்னால் அந்தப் பாரம் இறங்குகிறது என்று தெரியும். அவர் சற்றே முன்னால் அழுத்தி இரு பக்கமும் 350 ஆனால், புள்ளி 20 சென்டிமீட்டருக்கு நகரும். இடம் வலம் திசைக்கும் இதே கணக்குத்தான். இவ்வாறு கிடைக்கும் புள்ளிக்கு அழுத்த மையம் என்று பெயர். நொடிக்கு 100 முறை இதைப் பதிவு செய்தால், ஒரு நிமிடத்தில் 6,000 புள்ளிகள் சேரும். அவற்றை வரிசைப்படி கோட்டால் இணைத்தால் ஃபீரோர்ட்டின் கிறுக்கல் மீண்டும் தோன்றும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் தொடக்க நிலை வாசகர்களும், சில வேளைகளில் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். ஃபீரோர்ட்டின் இறகு உடலின் இருப்பிடத்தைப் பதிந்தது. விசைத்தட்டு பதிவது பாதங்கள் தரையை எங்கே அழுத்துகின்றன என்பதை. நிறை மையம் என்பது மேய்ச்சலில் உள்ள மந்தை என்றால், அழுத்த மையம் அதை மடக்கும் மேய்ப்பர். மந்தை வலப்பக்கம் விலகிப் போனால், மேய்ப்பர் மந்தையையும் தாண்டி வலப்பக்கம் ஓடிப்போய் நின்றால்தான் அதைத் திருப்ப முடியும். அதுபோல உடல் முன்னால் சாயத் தொடங்கும்போது, அழுத்த மையம் நிறை மையத்தின் நேர்கோட்டையும் கடந்து விரல்களை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் உடல் பின்னோக்கி முடுக்கம் பெறும். திரும்பி வரும் உடல் குதிகால் பக்கம் போய்விடாமல் இருக்க, அழுத்த மையம் மறுபடியும் பின்னால் ஓடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வின்டர் 1990களில் இந்த உறவைத் தெளிவாக வகுத்துக் காட்டினார்: எந்தக் கணத்திலும் இவ்விரு மையங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு, நிறை மையத்தின் முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே அழுத்த மையத்தின் கிறுக்கலை உடலின் ஊசலாட்டம் என்று நேரடியாகப் பெயர்த்துவிட முடியாது. உடலின் நகர்வும் அதைத் திருத்த எடுத்த முயற்சியும் அதில் கலந்தே கிடக்கின்றன. அழுத்த மையம் எப்போதும் நிறை மையத்தைவிட வேகமாகவும் கூடுதல் தொலைவுக்கும் அலையும்.

கிறுக்கலிலிருந்து எண்களைப் பெறுவதற்குப் பல வழிகள் உள்ளன. அழுத்த மையம் கடந்த மொத்தத் தொலைவு ஒன்று. அதை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் சராசரி வேகம் மற்றொன்று. நலமான இளைஞர் கண் திறந்து இயல்பாக நிற்கையில் இவ்வேகம் பொதுவாக நொடிக்கு 1 சென்டிமீட்டரை ஒட்டி அமையும். அதாவது ஒரு நிமிடம் சும்மா நின்றவரின் அழுத்த மையம் அரை மீட்டருக்குமேல் பயணம் செய்திருக்கும். புள்ளிகளில் 95 விழுக்காட்டை உள்ளடக்குமாறு வரையப்படும் நீள்வட்டத்தின் பரப்பு, ஊசலாட்டம் எவ்வளவு இடத்தில் பரவியது என்பதைக் காட்டும். முன்பின் வீச்சையும் பக்கவாட்டு வீச்சையும் தனித்தனியே தருவதும் வழக்கம். கணுக்கால்கள் முன்பின்னாக மடங்குவதால் பொதுவாக முன்பின் வீச்சே கூடுதலாக இருக்கும். இவற்றுள் சராசரி வேகம் மறு அளவீட்டில் ஓரளவு மாறாமல் வருவதால் ஆய்வாளர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். பரப்போ ஒரே ஒரு பெரிய தள்ளாட்டத்தால் ஊதிப்பெருகிவிடும்.

ஊசலாட்டத்தின் அதிர்வெண்ணைப் பார்ப்பது இன்னும் சுவையானது. இயல்பான நிலையில் பெரும்பகுதி 1 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கும், அதாவது ஒரு முறை போய்வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். சிறுமூளையின் முன்பகுதி சிதைந்தவர்களிடம், குறிப்பாக நெடுநாள் மதுப்பழக்கத்தால் சிதைந்தவர்களிடம், முன்பின்னாக ஏறத்தாழ 3 ஹெர்ட்ஸ் அளவிலான ஓர் ஆட்டம் தனியாகத் தலைநீட்டும். நிற்கும்போது மட்டும் கால்களில் வரும் ஒரு வகை நடுக்கம் 13 முதல் 18 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அவ்வளவு விரைவான நடுக்கம் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. நோயாளி "நிற்க முடியவில்லை" என்று சொல்வார், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. விசைத்தட்டின் பதிவில் அது கூர்மையான முகடாகத் தெரிந்துவிடும். தட்டு இல்லாத இடத்தில் கெண்டைக்கால் மீது ஸ்டெதாஸ்கோப் வைத்தால், தொலைவில் ஹெலிகாப்டர் பறப்பது போன்ற ஒலி கேட்கும் என்பது நரம்பியல் மருத்துவர்கள் அறிந்த ஒன்று.

குறைவே நிறைவு என்னும் தவறு

இத்தனை எண்களைக் கண்டவுடன் எவருக்கும் தோன்றும் முதல் எண்ணம், எண் சிறியதாக இருந்தால் சமநிலை நன்றாக இருக்கிறது என்பதே. முதுமை, உட்செவிக் கோளாறு, நீரிழிவால் பாத நரம்புகள் செயலிழத்தல் போன்ற பல நிலைகளில் ஊசலாட்டம் கூடுவது உண்மை என்பதால், இந்த எண்ணம் பாதி சரிதான். மீதிப் பாதிதான் ஆபத்தானது.

உயரமான மேடையின் விளிம்பில் ஒருவரை நிறுத்தி அளந்தால், தரையில் நின்றபோது இருந்ததைவிட அழுத்த மையத்தின் வீச்சு குறைந்து, அதிர்வெண் கூடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அச்சத்தால் அவர் கணுக்கால்களை இறுக்கிக்கொள்கிறார். எண்ணை மட்டும் பார்த்தால் உயரத்துக்குப் போனதும் அவரது சமநிலை மேம்பட்டுவிட்டது என்று எழுத நேரிடும். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரும் இப்படித்தான்: விறைத்த உடலோடு நிற்கும்போது ஊசலாட்டம் இயல்பாகவோ குறைவாகவோ பதிவாகும், ஆனால் பின்னாலிருந்து தோளை லேசாக இழுத்தால், தடுத்துக்கொள்ள அடியெடுத்து வைக்க இயலாமல் மரம் போலச் சாய்வார்கள். மறுபக்கம், நலமானவரின் ஊசலாட்டத்தில் ஒரு பகுதி, சுற்றுப்புறத்தைத் தொட்டறிவதற்கான தேடலாகவும் இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

அமைதியாக நிற்பதை அளப்பது, ஓட்டுநரை நேரான காலிச் சாலையில் மட்டும் ஓட்டச் சொல்லி மதிப்பிடுவதற்கு ஒப்பானது என்பது என் கருத்து. கட்டுப்பாட்டின் தரம் தெரிய வேண்டுமானால் இடையூறு தேவை. அந்த இடையூறு எங்கே தரப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சோதனைகள் வகைப்படுகின்றன.

தரையையே திடீரென நகர்த்துவது ஒரு வகை. ஃபே ஹோராக்கும் லூயிஸ் நாஷ்னரும் 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அகலமான தளத்தில் நிற்பவர்கள் சிறு அதிர்ச்சிக்குக் கணுக்காலை மையமாகக் கொண்டு முழு உடலையும் ஒரே தண்டுபோல ஆட்டித் திருத்திக்கொள்வதையும், பாதத்தைவிடக் குறுகிய கட்டையில் நிற்பவர்கள் இடுப்பை மடக்கித் திருத்திக்கொள்வதையும் காட்டினார்கள். அதிர்ச்சி பெரிதானால் மூன்றாவது வழி, அடியெடுத்து வைப்பது. தடுமாறும்போது ஓர் அடி எடுத்து வைப்பதைத் தோல்வியாகக் குறிக்கும் மதிப்பெண் முறைகளை நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அன்றாட வாழ்வில் மனிதரை விழாமல் காப்பது பெரும்பாலும் அந்த அடிதான்.

சாட்சிகளைக் கலைப்பது இன்னொரு வகை. நாஷ்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த புலன் ஒருங்கமைப்புச் சோதனையில், சோதிக்கப்படுபவர் பாதுகாப்புக் கவசவாரோடு ஒரு சிறு அறைக்குள் நிற்பார். அவர் முன்னால் சாய்ந்தால் அதே அளவில் தளமும் சாயும். கணுக்கால் கோணம் மாறாமலே இருப்பதால், பாதமும் மூட்டும் தரும் செய்தி பொய்யாகிவிடும். சுற்றுச் சுவரையும் அவ்வாறே அவரோடு சேர்த்துச் சாய்த்தால், கண் தரும் செய்தியும் பொய்யாகும். அசையாத தளத்தில் கண் திறந்து, கண் மூடி, சுவர் சாய. சாயும் தளத்தில் மறுபடியும் கண் திறந்து, கண் மூடி, சுவர் சாய என்று ஆறு நிலைகள். ஒவ்வொன்றும் 20 விநாடி, மூன்று முறை. முன்பின்னாக மொத்தம் 12.5 பாகை வரை ஒருவர் விழாமல் சாய முடியும் என்று கொண்டு, அவர் உண்மையில் சாய்ந்தது அதில் எவ்வளவு என்று பார்த்து 100க்கு மதிப்பெண் தருகிறார்கள். 2.5 பாகை ஆடியவருக்கு 80, விழுந்தவருக்குச் சுழியம். ஐந்தாவது நிலையில், அதாவது தளம் சாய, கண் மூடியிருக்க, உட்செவி ஒன்றுதான் நம்பத்தக்க சாட்சி. ஆகவே முதல் நான்கிலும் நன்றாக நின்று ஐந்தாவதிலும் ஆறாவதிலும் விழுபவரிடம், உட்செவிச் செய்தியைப் பயன்படுத்துவதில் குறை இருக்கிறது என்று கருதலாம். அக்குறை உட்செவியில் இருக்கிறதா, அங்கிருந்து செல்லும் நரம்பில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா என்பதை இச்சோதனை சொல்லாது. விலை உயர்ந்த இந்தக் கருவி இல்லாத இடங்களில் தடித்த நுரைப்பஞ்சின் மேல் கண் மூடி நிற்கவைத்து ஓரளவு இதையே செய்து பார்க்கிறார்கள்.

இடையூறு உள்ளிருந்தும் வரும். நாமே கையைத் தூக்குவது உடலை நிலைகுலையச் செய்யும் செயல்தான். பெலென்கி, குர்ஃபிங்கெல், பால்ட்செவ் என்னும் சோவியத் ஆய்வாளர்கள் 1967இல், நிற்பவர் கையை விரைந்து உயர்த்தும்போது தோள் தசைக்கு முன்பே கால் தசைகள் செயல்படத் தொடங்குவதைப் பதிவு செய்தார்கள். வரப்போகும் குலைவை மூளை முன்கூட்டியே ஈடுகட்டிவிடுகிறது. கவனத்தைப் பிரிப்பதும் இத்தகைய ஓர் இடையூறே: நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள், பின்னர் விழும் வாய்ப்பு மிகுந்தவர்களாக இருந்ததை 1997இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. நடப்பதற்கே அவர்களின் கவனம் முழுவதும் செலவாகிறது என்பதன் அடையாளம் அது.

கடிகாரமும் அளவுகோலும் போதுமான சோதனைகள்

மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கும் அளவீட்டில் பெரும்பகுதிக்கு விசைத்தட்டு தேவைப்படுவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி, வந்து உட்கார ஆகும் நேரத்தைக் குறிக்கும் சோதனை 1991 முதல் வழக்கில் உள்ளது; முதியவர் ஒருவருக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் விழும் வாய்ப்பைக் கூர்ந்து ஆராய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் வழிகாட்டுகின்றன. கால்களை நகர்த்தாமல் கையை முன்னால் எவ்வளவு நீட்ட முடிகிறது என்று சுவரில் ஒட்டிய அளவுகோலால் பார்ப்பது 1990இல் அறிமுகமான சோதனை. 15 சென்டிமீட்டரைக் கூட எட்டாதவரிடம் எச்சரிக்கை தேவை. கேத்தரின் பெர்க் 1989இல் வெளியிட்ட பெர்க் சமநிலை அளவுகோலில் உட்காருவது, எழுவது, திரும்பிப் பார்ப்பது, கீழே கிடப்பதை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என 14 பணிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56.

ஒற்றைக்கால் நிற்றல் 2022இல் செய்திகளில் பெரிதும் அடிபட்டது. பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்க இயலாதவர்களின் இறப்பு வாய்ப்பு, வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், 84 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டது. இதைப் படித்துப் பதறியவர்கள் பலர். நிற்க இயலாமை இறப்புக்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தசை, நரம்பு, இதயம் எனப் பலவற்றின் தளர்ச்சியும் அதில் ஒருங்கே வெளிப்படுகிறது என்று கொள்வதே பொருத்தம். விழுதல் என்பது தன்னளவில் பெரிய சிக்கல் என்பதில் மட்டும் ஐயமில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள்.

எளிய சோதனைகளுக்கும் விசைத்தட்டுக்கும் இடையே இப்போது மலிவான கருவிகள் வந்து நிற்கின்றன. 2007இல் நின்டெண்டோ வெளியிட்ட விளையாட்டுப் பலகையின் நான்கு மூலைகளிலும் உணரிகள் இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அதை ஆய்வுக்கூட விசைத்தட்டோடு ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட முடிவுகள் ஊக்கம் தருவனவாக இருந்தன. செங்குத்து விசையை மட்டுமே அது அளக்கும் என்றாலும் அமைதியான நிற்றலுக்கு அது போதுமானது. கீழ் முதுகில் கட்டும் சிறு முடுக்கமானிகளும், அதே உணரிகளைக் கொண்ட கைபேசிகளும், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அளக்க வழிசெய்கின்றன. இவை பதிவது அழுத்த மையத்தை அன்று, உடலின் அசைவை என்பதை மறக்கக் கூடாது. அவ்வகையில் இவை விசைத்தட்டைக் காட்டிலும் ஃபீரோர்ட்டின் இறகுக்கே நெருங்கிய உறவு.

எந்தக் கருவியானாலும் எண்ணின் மதிப்பு, அதை எடுத்த விதத்தைப் பொறுத்தது. பாதங்களைச் சேர்த்து வைத்தால் பக்கவாட்டு ஊசலாட்டம் கூடும். அகட்டி வைத்தால் குறையும். ஆதலால் ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் அமையும்படி தட்டின் மேல் பாதத்தின் விளிம்பை வரைந்துகொள்வது நல்ல பழக்கம். பார்வை பதிக்கும் குறி எவ்வளவு தொலைவில் உள்ளது, காலணி உண்டா இல்லையா என்பவையெல்லாம் எண்ணை மாற்றும். "முடிந்தவரை அசையாமல் நில்லுங்கள்" என்று சொல்வதும் "வசதியாக நில்லுங்கள்" என்று சொல்வதும்கூட வேறு வேறு பதிவுகளைத் தரும். அளவீட்டு நேரம் கூடக்கூட மெதுவான ஊசலாட்டங்களும் உள்ளே வருவதால் பரப்பு பெருகும். 20 விநாடிப் பதிவை 60 விநாடிப் பதிவோடு ஒப்பிடுவதற்கில்லை. ஒரே சோதனையை மீண்டும் மீண்டும் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் உயரும். ஓர் ஆய்வுக்கூடத்தின் இயல்பு எல்லையை இன்னொன்றின் நோயாளிக்குப் பொருத்துவதற்கு முன் இவை அத்தனையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை.

ஒருவரையே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அங்கும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம்? எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அடுத்த நாள் அளந்தாலும் எண் சற்று ஏறியோ இறங்கியோதான் இருக்கும். முதியவர்களிடம் பெர்க் அளவுகோலைச் சோதித்துப் பார்த்த ஆய்வு, 45இலோ அதற்கு மேலோ தொடங்குபவரிடம் குறைந்தது 4 மதிப்பெண்ணும், 35 முதல் 44 வரை உள்ளவரிடம் 5ம், 25 முதல் 34 வரை உள்ளவரிடம் 7ம் மாறினால்தான் அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம் என்று நம்பலாம் எனக் கணித்தது. அதன்படி, ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் 48இலிருந்து 50க்கு ஏறியவரின் அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுத அந்த எண் மட்டும் போதாது. 54இல் தொடங்கியவரிடமோ அளவுகோலின் உச்சிக்கு மேலே இரண்டே மதிப்பெண்தான் மிச்சம் இருப்பதால், அவர் எவ்வளவு தேறினாலும் இந்த அளவுகோலால் அதைக் காட்ட முடியாது. அவருக்கு நுரைப்பஞ்சின் மேல் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, பேசிக்கொண்டே நடப்பது போன்ற கடினமான வேறொரு சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.